தம்பி யூனியனில் சேரலாமா?

ஒரகடம் பக்கத்துக் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் உங்கள் தம்பிக்கு வேலை நிரந்தரமாகியிருக்கிறது. சங்கத்துக்காரர்கள் படிவத்தை நீட்டிவிட்டார்கள். எச்.ஆர். கூப்பிட்டு, "நல்ல பையன் நீ, உனக்கெதுக்குப்பா இதெல்லாம்" என்கிறார். சேர்ந்தால் என்ன கிடைக்கும், என்ன தொல்லை வரும், ஒளிக்காமல் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அம்பத்தூரில் மெஷின் ஷாப்பில் காலம் ஓட்டியவன் நான். சங்கத்தில் சாதா உறுப்பினராகவும் இருந்தேன், கமிட்டியிலும் இருந்தேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சேரட்டும். ஆனால் சம்பள உயர்வு கிடைக்கும் என்பதற்காகச் சேர வேண்டாம், ஏனென்றால் சேராவிட்டாலும் அது பெரும்பாலும் அவனுக்குக் கிடைக்கும்.

எப்படி என்றால், நம் பக்கம் ஊதிய ஒப்பந்தம் பெரும்பாலும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை. அதில் இரண்டு வகை உண்டு. கம்பெனியும் சங்கமும் தங்களுக்குள் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால் 18(1) ஒப்பந்தம். போட்டவர்களை மட்டும் கட்டுப்படுத்தும். தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன்னால் போட்டால் அது 12(3). இதில் கையெழுத்தானால் அந்த ஆலையின் எல்லாத் தொழிலாளிக்கும், நாளை சேரப்போகிறவருக்கும்கூடப் பொருந்தும். 1947-ஆம் வருடத்துத் தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு எண்கள் இவை. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் தொகுப்பு என்ற புதிய சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் ஷாப் ஃப்ளோரில் இன்றும் 'பன்னெண்டு மூணு' என்றுதான் பேசுவார்கள். ஆக, 12(3) என்றால் கேட் மீட்டிங்கில் வெயிலில் நின்றவனுக்கும் அந்த நேரத்தில் எச்.ஆர். அறையில் டீ குடித்தவனுக்கும் ஒரே உயர்வு, ஒரே அரியர்ஸ். சந்தா கட்டுகிறவனுக்கு வரும் முதல் எரிச்சலே இதுதான்.

அப்புறம் எதற்குச் சந்தா? மெமோ, அதாவது குற்றச்சாட்டுக் கடிதம், வரும் நாளுக்காக.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இரவு ஷிஃப்டில் ஒரு பையன். மெஷினில் ஒரு லாட் முழுக்க அளவு தப்பி ரிஜெக்ட் ஆகிவிட்டது. காலையில் அவனைக் கூப்பிட்டு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "கவனக்குறைவால் நடந்துவிட்டது, மன்னிக்கவும்னு எழுதிக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போ, ஒண்ணும் ஆகாது" என்றார்கள். அவன் எழுதிக்கொடுக்கக் கிளம்பிவிட்டான். அந்தத் தாள்தான் பிறகு விசாரணையில் ஒப்புதல் வாக்குமூலமாக வந்து நிற்கும் என்று அந்த வயதில் யாருக்குத் தெரியும்? கமிட்டி ஆள் ஒருவர் போய், "எதையும் எழுதாதே. சார்ஜ் மெமோ கொடுக்கட்டும். நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று மட்டும் எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்துப் போடு" என்றார். மெமோ வந்தது. விளக்கக் கடிதத்தைச் சங்க ஆபீசில் உட்கார்ந்து எழுதினோம். டூல் மாற்றச் சொல்லி முந்தின ஷிஃப்ட் ஆபரேட்டர் லாக் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. அந்தப் பக்கத்தின் நகல் வேண்டும் என்று கடிதத்திலேயே கேட்டோம்.

உள்விசாரணை டிரெய்னிங் ரூமில் நடந்தது. விசாரணை அதிகாரி வெளியிலிருந்து வரும் வக்கீல், அவருக்குச் சம்பளம் நிர்வாகம் கொடுக்கும். பையனுக்கு வக்கீல் வைக்க அனுமதி இல்லை. உடன் வேலை செய்பவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். இங்கேதான் சங்கத்தின் மதிப்பு தெரியும். இந்த மாதிரி பத்து விசாரணையில் உட்கார்ந்த ஆளுக்கு எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும், எதைப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும், எந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போடும்முன் படித்துப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். பயந்துபோன இருபத்து மூன்று வயதுப் பையன் தனியாக உட்கார்ந்தால் எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவான். கடைசியில் டிஸ்மிஸ் என்று ஆரம்பித்தது சில நாள் சஸ்பென்ஷனோடு முடிந்தது. அவன் இப்போது வீடு கட்டிவிட்டான்.

இதற்குப் பின்னால் ஒரு சட்ட நுணுக்கமும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. வேலையை விட்டே நீக்கினால், சங்கம் இல்லாமலும் ஒரு தொழிலாளி தனியாகச் சமரச அதிகாரியிடமும் லேபர் கோர்ட்டுக்கும் போகலாம். பழைய சட்டத்தில் இதற்கு 2ஏ என்று தனிப்பிரிவே உண்டு. ஆனால் இன்கிரிமென்ட் வெட்டு, ஊர் மாற்றம், பதவி உயர்வில் ஓரங்கட்டுவது போன்றவற்றுக்கு அந்த வழி கிடையாது. சங்கமோ கணிசமான தொழிலாளர்களோ அதைத் தங்கள் பிரச்சினையாகக் கையில் எடுத்தால்தான் அது 'தொழில் தகராறு' ஆகும். நிஜத்தில் ஒருத்தனை நொறுக்குவது பெரும்பாலும் டிஸ்மிஸ் அல்ல, இந்தச் சின்ன விஷயங்கள்தான். ஸ்ரீபெரும்புதூர்காரனைத் திடீரென்று வடக்கே ஒரு யூனிட்டுக்கு மாற்றினால் அவனே ராஜினாமா கொடுத்துவிடுவான்.

சஸ்பென்ஷனில் இருக்கும்போது பிழைப்பூதியம் உண்டு. தமிழ்நாட்டில் 1981-லேயே இதற்குத் தனிச்சட்டம் வந்துவிட்டது: முதல் 90 நாள் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாள் முக்கால், அதற்கும் மேல் இழுத்தால் முழுச் சம்பளம். சட்டம் இருக்கிறது என்பது வேறு, அதை எழுதிக் கேட்க ஒரு லெட்டர்பேட் இருக்கிறது என்பது வேறு.

அன்றாட நன்மைகளை வேகமாகச் சொல்லிவிடலாம். கேன்டீன் சாப்பாடு, கம்பெனி பஸ் ரூட், பாதுகாப்பு ஷூ, கழிப்பறைக்குப் போக மாற்று ஆள் — இதெல்லாம் மாதாந்திரக் கூட்டத்தில் பேசித் தீர்கிற விஷயங்கள். பேசுவதற்கு அப்படி ஒரு வழியே இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு 2021 டிசம்பர் ஒரு சாட்சி: பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் விடுதிச் சாப்பாட்டால் உடல்நிலை கெட்டு, கடைசியில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். அதே போல, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டசபையில் நிறைவேறியது. ஆளும் கட்சியின் தொழிற்சங்கம் உள்பட எல்லாச் சங்கங்களும் எதிர்த்ததில் மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். இதற்கு உங்கள் தம்பி ஆலையின் சங்கம் மட்டும் போதாது, மேலே பல சங்கங்கள் சேர்ந்த ஒரு சம்மேளனம் இருந்தால்தான் முடியும்.

சரி, இனி எரிச்சல்களுக்கு வருகிறேன்.

ஒப்பந்தம் கையெழுத்தானதும் வாட்ஸ்ஆப்பில் பெரிய தொகை ஒன்று சுற்றும். அதை நம்பி பைக்கு புக் பண்ண வேண்டாம். முதலில், அந்தத் தொகை மூன்று வருடத்துக்குப் பிரித்து வரும். அடுத்து, அது எந்தத் தலைப்பில் ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். அடிப்படைச் சம்பளத்தில் ஏறினால் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து உயரும். 'ஸ்பெஷல் அலவன்ஸ்' என்று தனியே வைத்தால் கையில் காசு தெரியும், ரிட்டையர் ஆகும்போது தெரியாது. புதிய ஊதியத் தொகுப்பில், படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கணக்காகும் என்று விதி வந்திருக்கிறது, அதனால் இந்த விளையாட்டு கொஞ்சம் குறையலாம். மூன்றாவது, கடைசிப் பக்கத்து இணைப்பு. உற்பத்தி உயர்வு அங்கேதான் உட்கார்ந்திருக்கும். எங்கள் லைனில் ஒரு தடவை பீஸுக்கு 42 வினாடி என்பது 38 ஆனது. நான்கு வினாடிதானே என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். இடைவேளை போக ஏழு மணி நேரம் ஓட்டினால் 600 பீஸ் வந்த இடத்தில் 663 வர வேண்டும். தோள்பட்டைக்கு அந்தக் கணக்கு ஆறாம் மாதம் புரிந்தது. பொதுக்குழுவில் கையைத் தூக்குவதற்கு முன்னால் இணைப்பைப் படிக்கக் கேட்பவன் நூற்றில் இரண்டு பேர். அவர்களையும் "நிர்வாகத்தின் ஆள்" என்று சொல்லி உட்கார வைத்துவிடுவார்கள்.

அரியர்ஸ் வந்ததும் ஒரு தொகையை ஒப்பந்த நிதி என்று சங்கம் பிடிக்கும். வழக்குச் செலவு, கட்டட நிதி, மாநாடு என்று காரணம் இருக்கும். கணக்கு காட்டுகிற சங்கத்தில் இதைப் பற்றி யாரும் முணுமுணுப்பதில்லை. கணக்கு காட்டாத சங்கத்தில் முணுமுணுப்பு மட்டும்தான் இருக்கும், எழுந்து கேட்கமாட்டார்கள்.

அடுத்த எரிச்சல் கொஞ்சம் சங்கடமானது. மாதத்தில் எட்டு நாள் மட்டம் போடுகிறவன், ஷிஃப்டுக்குக் குடித்துவிட்டு வருகிறவன், இவர்களுக்கும் அதே கமிட்டி ஆள் போய் நிற்பார். அவன் வராத நாளில் அவன் மெஷினையும் சேர்த்துப் பார்க்கிறவன் நம் தம்பி மாதிரி ஒழுங்கானவன்தான். "இவனுக்காகவா நான் சந்தா கட்டுறேன்" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. ஆனால் நல்லவனுக்கு மட்டும் விசாரணை முறை என்று வைத்தால், யார் நல்லவன் என்று தீர்மானிக்கிற வேலை மறுபடி எச்.ஆர். கைக்கே போய்விடும். அதனால் இந்த எரிச்சலைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். சங்கமே அந்த ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் திட்டுவதும் நடக்கும், வெளியே தெரியாது.

உள் அரசியல் இருக்கிறதே, அதுதான் ஆளைச் சோர வைக்கும். ஒரே ஆலையில் சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., தொ.மு.ச., அண்ணா தொழிற்சங்கம், பி.எம்.எஸ். என்று அரசியல் சார்புள்ள சங்கங்களின் கொடிகள். அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள்: ஆட்சி மாறினால் டிப்போவில் செல்வாக்கும் கை மாறும். அத்தனை சங்கம் இருந்தும் 2019 செப்டம்பரிலிருந்து வர வேண்டிய 14-வது ஊதிய ஒப்பந்தம் 2022 ஆகஸ்டில்தான் கையெழுத்தானது. தனியார் ஆலையில் கட்சி அவ்வளவு தெரியாது. அங்கே வேறு வியாதி: ஒரே செயலாளர் பதினைந்து வருடம், மெஷின் பக்கமே வராத 'ஆபீஸ் டியூட்டி', அவருடைய ஊர்க்காரனுக்கு மட்டும் நல்ல ஷிஃப்ட்.

ஆலையில் வேலை பார்க்காத வெளியாள் தலைவர் வேண்டுமா என்று உங்கள் தம்பியிடம் எச்.ஆர். கட்டாயம் கேட்டிருப்பார். "நம்ம குடும்பத்துக்குள்ள வெளியாள் எதுக்கு" என்பது அவர்களின் நிரந்தர வசனம். வரலாறு என்ன சொல்கிறது? 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் பின்னி மில் தொழிலாளர்களுக்காக சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது தலைவராக வந்த பி.பி. வாடியா வெளியாள்தான், திரு.வி.க.வும் வெளியாள்தான். வெளியாள் என்பதால் அவர்களை மில்லை விட்டு நீக்க முடியவில்லை. பதிலுக்குக் கம்பெனி ஹைகோர்ட்டில் வாடியா மேல் வழக்குப் போட்டுத் தடை வாங்கியது. அந்த வழக்கு கிளப்பிய விவாதத்தில்தான் 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. சங்க வேலைக்காகத் தலைவர்கள் மேல் அப்படி நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பை அது கொடுத்தது. இன்றும் சங்க நிர்வாகத்தில் வெளியாட்கள் இருக்கச் சட்டம் அனுமதிக்கிறது, எண்ணிக்கைக்கு மட்டும் வரம்பு. என் அனுபவத்தில், பேச்சுவார்த்தை மேசையில் ஒரு வெளியாள் இருப்பது நல்லது, அவருக்கு இன்கிரிமென்ட் பயம் கிடையாது. ஆனால் எல்லா முடிவும் அவர் வீட்டில் எடுக்கப்பட்டால் அது சங்கம் இல்லை.

வேலைநிறுத்தத்தைப் பற்றி வீட்டில் பயம் இருக்கும், அதையும் பேசிவிடுவோம். சங்கம் அமைப்பது அரசியல் சாசனத்தின் 19(1)(சி) தரும் அடிப்படை உரிமை. வேலைநிறுத்தம் அப்படி இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1962-லேயே சொல்லிவிட்டது; அது சட்டம் போட்ட வரம்புக்குள் செய்ய வேண்டிய ஒன்று. இப்போதைய தொகுப்பின்படி எந்த ஆலையானாலும் நோட்டீஸ் கொடுத்து 14 நாள் காத்திருக்க வேண்டும், சமரசப் பேச்சு நடக்கும்போது இறங்கக் கூடாது. பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் கேஷுவல் லீவு போட்டாலும் அதுவும் வேலைநிறுத்தமே. நோட்டீஸ் இல்லாமல் பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து வேலையை நிறுத்தினால் எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்கலாம் என்ற பழைய விதியும் அப்படியே இருக்கிறது. 'ஒரு நாளுக்கு எட்டு நாள்' என்று லைனில் பேசிக்கொள்வது இதைத்தான்.

பணம் எவ்வளவு போகும் என்பதற்கு ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையைப் பாருங்கள். 2024 செப்டம்பர் 9-இல் வெளியே வந்தவர்கள் ஒரு மாதத்துக்கு மேல் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். முக்கியக் கோரிக்கையே, எங்கள் சங்கத்தை ஏற்றுக்கொள் என்பதுதான். அக்டோபர் நடுவில் வேலைக்குத் திரும்பினார்கள். பதிவுச் சான்றிதழ் கிடைத்தது 2025 ஜனவரி கடைசியில், அதுவும் ஹைகோர்ட் வரை போன பிறகு. அடுத்த மாதமே நிர்வாகிகள் சஸ்பென்ஷன், அதை எதிர்த்து உள்ளிருப்பு. மூன்று வருட ஊதிய ஒப்பந்தம் வந்தபோது மே மாதம் ஆகிவிட்டது. இதை வெற்றி என்று சொல்லலாம், நானும் சொல்வேன். ஆனால் அந்த மாதங்களில் வண்டிக்கும் வீட்டுக்கும் இ.எம்.ஐ. கட்டிய குடும்பத்தினரிடம் கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டிய வார்த்தை அது. நல்ல சங்கம் ஸ்டிரைக்குக்கு அலைவதில்லை. ஓ.டி. மறுப்பு, கருப்பு பேட்ஜ், சாப்பாடு புறக்கணிப்பு என்று படிப்படியாகப் போய், கடைசியில்தான் அதைத் தொடும்.

எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் காண்ட்ராக்ட். உங்கள் தம்பி நிற்கும் லைனில் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். நிரந்தரத் தொழிலாளி ஒருவனுக்குப் பக்கத்தில் காண்ட்ராக்ட், அப்ரென்டிஸ், டிரெய்னி என்று வேறு வேறு நிறத்து பேட்ஜில் இரண்டு மூன்று பேர். அதே வேலை, பல இடங்களில் பாதிச் சம்பளம்கூட இருக்காது. இரண்டு வருடத்துக்குள் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981 முதல் சட்டம் இருக்கிறது. அதனால்தான் 480-ஐத் தொடுவதற்கு முன் 'பிரேக்' கொடுத்து அனுப்பிவிட்டு வேறு பெயரில் எடுப்பார்கள். இதைச் சங்கம் கேட்க வேண்டாமா? சில சங்கங்கள் கேட்டு, வழக்கு நடத்தி, ஆட்களை நிரந்தரமாக்கியும் இருக்கின்றன. பல சங்கங்கள் கேட்பதில்லை. காரணத்தை யாரும் வெளியே சொல்லமாட்டார்கள்: காண்ட்ராக்ட்காரனுக்குக் கொடுக்காமல் மிச்சமாகும் பணத்தில்தான் நிரந்தரக்காரனின் உயர்வு வருகிறது என்று இரண்டு தரப்புக்கும் தெரியும். இதற்கு விலையும் உண்டு. ஸ்டிரைக் என்று வந்தால் ஆலை யாரை வைத்து ஓடும்? 1921 பின்னி மில் வேலைநிறுத்தமே சங்கத்தோடு ஒட்டாமல் போன ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பியதில் உடைந்து, புளியந்தோப்புக் கலவரம் வரை போனது. தங்களைச் சமமாக நடத்தாதவர்களுக்காக அவர்கள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்ற கேள்விக்கு அன்று சங்கத்திடம் பதில் இல்லை. காண்ட்ராக்ட்காரன் இன்று அதே கேள்வியைக் கேட்டால் பல செயலாளர்களிடம் இன்றும் பதில் கிடையாது.

இன்னொன்று. கொஞ்ச நாள் கழித்துத் தம்பிக்கு 'டீம் லீடர்', 'ஜூனியர் எக்ஸிக்யூட்டிவ்' என்று பட்டம் கொடுத்து, "இனி நீ ஸ்டாஃப், சங்கத்திலிருந்து வெளியே வா" என்பார்கள். பட்டத்தைப் பார்த்துச் சட்டம் தீர்மானிப்பதில்லை, உண்மையில் செய்யும் வேலையைத்தான் பார்க்கும். லீவு சாங்ஷன் பண்ணும் அதிகாரம்கூட இல்லாமல் மெஷினில் நின்றுகொண்டிருப்பவன் எந்தப் பட்டம் போட்டாலும் தொழிலாளிதான். சம்பளம் நன்றாக ஏறுகிறது என்றால் போகட்டும். வெறும் சட்டை நிறம் மட்டும் மாறுகிறது என்றால் யோசிக்கட்டும்.

படிவத்தில் கையெழுத்துப் போடும்முன் அவன் சங்க ஆபீசுக்குப் போய்ச் சிலவற்றைக் கேட்கலாம். போன ஒப்பந்தத்தின் முழு நகல், இணைப்போடு வேண்டும். நிர்வாகிகள் தேர்தல் கடைசியாக எப்போது நடந்தது, ரகசிய ஓட்டா கை தூக்கலா? ஆண்டுக் கணக்கு பொதுக்குழுவில் வைக்கப்பட்டதா? போன வருடம் எத்தனை உள்விசாரணையில் சங்கம் துணைக்கு உட்கார்ந்தது? காண்ட்ராக்ட் ஆட்களைப் பற்றி எழுத்தில் ஏதாவது கோரிக்கை வைத்திருக்கிறார்களா? எல்லாவற்றுக்கும் நல்ல பதில் வராது. ஒப்பந்த நகலையே காட்ட மறுக்கிறார்கள் என்றால் மட்டும் கொஞ்சம் பொறுக்கட்டும், அங்கே இன்னொரு சங்கம் இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

இரண்டு சங்கம் இருக்கும் ஆலை என்றால் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்கச் சொல்லுங்கள். புதிய தொகுப்பில், வருகைப் பதிவேட்டில் உள்ள தொழிலாளர்களில் 51 சதவீதம் பேரை வைத்திருக்கும் சங்கம்தான் பேச்சுவார்த்தைச் சங்கம். யாருக்கும் அது இல்லையென்றால், குறைந்தது 20 சதவீதம் வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரு பேச்சுவார்த்தைக் குழு. நேற்றுவரை நிர்வாகம் தனக்குப் பிடித்த சங்கத்தோடு பேசிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டில் சங்க அங்கீகாரத்துக்கென்று சட்டமே இல்லாமல் இருந்ததால் அது முடிந்தது. இனி தலை எண்ணிக்கையில் சண்டை வரும். ஒரே ஆள் பெயர் இரண்டு பட்டியலிலும் இருந்தால் சரிபார்ப்பின்போது தகராறு கிளம்பும். ஆகவே ஒரு சங்கத்தில் மட்டும் கையெழுத்து. சம்பளத்திலேயே சந்தா பிடித்தால் சம்பளச் சீட்டில் அந்த வரி வருகிறதா என்று மாதாமாதம் பார்க்க வேண்டும். கையில் கட்டினால் ரசீதைத் தேதியோடு வாங்கி வீட்டில் வைக்கச் சொல்லுங்கள்.